நடுக்கடலில் யார் விழித்திருப்பது?

1492ஆம் ஆண்டு, டிசம்பர் 24ஆம் நாள் இரவு. இன்று ஹெய்ட்டி என்று வழங்கும் நாட்டின் வடகரையை ஒட்டி, கொலம்பஸின் தலைமைக் கப்பலான 'சாந்தா மரியா' மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. காற்று அடங்கிக் கடல் குளம்போல் கிடந்தது. இரண்டு நாட்களாகச் சரிவரக் கண்மூடாதிருந்த கொலம்பஸ், இனி அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று கருதி இரவு பதினொரு மணியளவில் படுக்கைக்குச் சென்றார். மற்றவர்களும் ஆங்காங்கே சாய்ந்தனர். சுக்கான் பிடித்து நின்ற மாலுமிக்கும் கண்கள் சொருகின. அருகே கப்பலின் எடுபிடிச் சிறுவன் ஒருவன் நின்றான். மாலுமி சுக்கானை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தானும் உறங்கப் போனான். காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சிறுவர்களிடம் சுக்கானைக் கொடுக்கலாகாது என்பது, அப்பயணம் முழுவதற்கும் கொலம்பஸ் விதித்திருந்த கட்டளை. நள்ளிரவு வாக்கில் நீரோட்டம் கப்பலை இழுத்துச் சென்று ஒரு திட்டின் மீது ஏற்றியது. சுக்கான் தட்டுவதைக் கையால் உணர்ந்து சிறுவன் கூக்குரலிட்டபோதுதான் கப்பல் விழித்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கப்பல் மீளவில்லை. அதன் மரங்களைக் கழற்றிக் கரையில் ஒரு கோட்டை எழுப்பி, 39 பேரை அங்கே விட்டுவிட்டுக் கொலம்பஸ் நாடு திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டு அவர் வந்து பார்த்தபோது அவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை.

அன்பு வாசகர்களே! அட்லாண்டிக் மாகடலையே கடந்துவந்த ஒரு கப்பல், அமைதியான ஓர் இரவில், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் சுக்கான் மாறிய இடத்தில் அழிந்தது. அந்தச் சிறுவனை யாரும் குறைகூற இயலாது; சொன்னதைச் செய்தான். கொலம்பஸ் உறங்கியதையும் குற்றமென்று கூறுவதற்கில்லை. உறங்காத தலைவன், உறங்கி எழுந்த தலைவனைவிட ஆபத்தானவன். தன் முறை முடியுமுன், தகுதியில்லாத கையில், எவருக்கும் சொல்லாமல் சுக்கானை விட்டுச் சென்றவனிடமே நம் பார்வை நிற்கிறது. பாய்விரித்துக் கடல் கடந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்திருக்கும் காவல் முறைகள் பெரும்பாலும் அந்த ஒரு கைமாற்றத்தைப் பத்திரப்படுத்துவதற்காகவே ஏற்பட்டவை என்று கூறினால் மிகையாகாது.

தரையில் பயணம் செய்பவருக்கு இருட்டினால் நிறுத்திக்கொள்ளும் வசதி உண்டு. மாட்டுவண்டிக்காரர் சத்திரத்தில் மாடுகளை அவிழ்ப்பார். லாரிக்காரர் சாலையோரம் ஒதுங்குவார். மாகடலின் நடுவே நங்கூரம் எட்டாது. உலகப் பெருங்கடல்களின் சராசரி ஆழம் மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகம். எனவே புறப்பட்ட படகு, துறைமுகம் வந்து சேரும்வரை இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அல்லது பாய்களை ஒடுக்கி மிதந்துகொண்டிருக்கலாம். இரண்டிலும் ஒருவர் விழித்திருந்தே ஆகவேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஐம்பது மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் உச்சி விளக்கு ஆறு கடல் மைல் தூரத்திற்குத் தெரியவேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அத்தகைய சரக்குக் கப்பல் மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தில் எதிரே வருகிறது. உங்கள் பாய்ப்படகு ஆறு கடல் மைல் வேகத்தில் செல்கிறது. விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து இரண்டும் மோதுவதற்கு ஆகும் நேரம் பதினான்கு நிமிடம். அடுப்பை மூட்டித் தேநீர் போட்டு, அதைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். மழைச்சாரலிலும் மூடுபனியிலும் அந்தப் பதினான்கு நிமிடமும் கிடையாது. 1972ஆம் ஆண்டில் உருவான கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எந்தக் கலமாயினும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிக்கப்பட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ரேடாரும், அருகிலுள்ள கப்பல்களின் பெயரையும் வேகத்தையும் காட்டும் கருவிகளும் இன்று சிறு படகுகளிலும் வந்துவிட்டன. இருப்பினும் மிதந்துவரும் மரத்துண்டும், கப்பலிலிருந்து விழுந்த இரும்புப் பெட்டகமும், விளக்கேற்றாத மீன்பிடிப் படகும் அக்கருவிகளுக்குத் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

முறை பிரித்த விதம்

ஐரோப்பியப் பாய்க்கப்பல்களில் மாலுமிகளை இரண்டு அணிகளாகப் பிரிப்பது வழக்கம். நான்கு மணி நேரம் ஓர் அணி வேலை செய்யும். அடுத்த நான்கு மணி நேரம் மற்றோர் அணி. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இருபத்து நான்கு மணியை நான்கால் வகுத்தால் ஆறு முறைகள். ஆறு இரட்டைப்படை எண். ஆகவே முதல் நாள் நள்ளிரவு முதல் நான்கு மணி வரை நின்ற அணியே மறுநாளும், அதற்கு மறுநாளும், பயணம் முடியும்வரை அதே கொடிய வேளையில் நிற்க நேரிடும். இதற்குக் கண்டுபிடித்த தீர்வு மிக அழகானது. மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறையை இரண்டாக வெட்டி, இரண்டிரண்டு மணி நேரமாக்கினர். முறைகள் ஏழாயின. ஒற்றைப்படை வந்துவிட்டதால், இன்று நள்ளிரவில் நின்ற அணி நாளை நள்ளிரவில் உறங்கும். இரு அணிகளும் இரவுச் சாப்பாட்டை ஒன்றன்பின் ஒன்றாக முடித்துக்கொள்வதற்கும் அந்தக் குறுமுறைகள் வாய்ப்பாயின. கடிகாரம் அரிதாயிருந்த காலத்தில் அரைமணி நேர மணற்குடுவையைத் திருப்பித் திருப்பி வைத்து, ஒவ்வொரு அரைமணிக்கும் ஓர் அடி கூட்டி மணி அடித்தனர். எட்டு அடி ஒலித்தால் நான்கு மணி நேரம் முடிந்தது. உறங்குபவர் எழவேண்டும், விழித்தவர் படுக்கலாம். அந்த எட்டாவது ஒலியைக் கேட்க எத்தனை காதுகள் ஏங்கியிருக்கும்!

அரபுக் கடலோடிகள் காலத்தைப் பிரித்த விதம் வேறு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஜுல்ஃபாரில் பிறந்து, கடற்பயணக் கலையைப் பற்றி விரிவான நூலியற்றிய இப்னு மாஜித் போன்றோர் 'ஸாம்' என்ற அளவைக் கையாண்டனர். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேரம். இரவும் பகலும் சேர்ந்தால் எட்டு ஸாம். அந்த மூன்று மணி நேரத்தில் கப்பல் கடக்கும் தூரத்திற்கும் அதுவே பெயர். நம் முன்னோரும் ஒரு நாளை எட்டு யாமமாகத்தான் பிரித்தனர். ஒரு யாமம் மூன்று மணி நேரம். இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் பேச்சில் புழங்கும் 'சுக்கான்' அரபியிலும் சுக்கான்தான். 'மாலுமி' என்பது 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபு; ஆசான் என்று பொருள்படும் அச்சொல், கப்பலில் வழிகாட்டும் வல்லுநரைக் குறித்து, பிறகு தமிழில் கப்பலோட்டிகள் அனைவருக்கும் பொதுவாயிற்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் இவை அகராதியைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சொற்கள் அல்ல என்பதை அவ்வூர் வாசகர்கள் நன்கறிவர்.

அரபுப் பாய்க்கப்பலில் எல்லோருக்கும் பொதுவான முறை என்பதைவிட, சுக்கானிகளின் முறையே முக்கியமானது. நகுதா தலைவர், முஅல்லிம் வழி பார்ப்பவர், சுக்கானிகள் சிலர் மாறி மாறிச் சுக்கான் பிடிப்பவர். ஏனைய மாலுமிகள் தேவைப்படும்போது அனைவருமாக எழுந்து கைகொடுப்பர். முக்கோணப் பாயைக் கட்டிய அந்த நீண்ட மரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் திருப்புவதற்கு நான்கைந்து கைகள் போதா. கப்பலிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். பாதிப்பேர் உறங்கட்டும் என்று அங்கே கூற முடியாது. 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனிலிருந்து புறப்பட்ட ஒரு குவைத் கப்பலில் ஏறி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை வரை சென்று திரும்பிய ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலியக் கடலோடி, அவ்வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்துள்ளார். ஆண்டு முடிவில் வருமானத்தைப் பங்கு வைக்கும்போது சாதாரண மாலுமியைவிடச் சுக்கானிக்குப் பங்கு கூடுதல். இரவெல்லாம் நின்ற கால்களுக்கு அது நியாயமான கணக்குத்தான்.

நள்ளிரவில் எழுப்பப்படுகிறீர்கள்

இனி, இன்றைய ஒரு சிறு பாய்மரப் படகில் உங்களை ஏற்றிவிடுகிறேன். ஆறு பேர் செல்கின்றனர். கரை கண்ணுக்கு மறைந்து எட்டு நாட்களாகின்றன. உங்கள் முறை நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு.

பதினொன்றே முக்காலுக்கு ஒரு கை உங்கள் தோளைத் தொடுகிறது. நல்ல படகுகளில் கத்தி எழுப்புவதில்லை. அருகில் உறங்குபவரின் தூக்கம் கெடும். "மணி பன்னிரண்டாகப் போகிறது. மழையில்லை, ஆனால் குளிர், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று மெல்லிய குரல் கூறுகிறது. எழுப்பியவர் உடனே போய்விடமாட்டார். நீங்கள் எழுந்து உட்கார்ந்து, பதில் கூறி, கால்களைத் தரையில் வைக்கும்வரை நிற்பார். "சரி, வருகிறேன்" என்று உறக்கத்திலேயே கூறிவிட்டுத் திரும்பிப் படுத்தவர்கள் எத்தனையோ பேர்! ஸஹருக்கு எழுப்பும் பொறுப்பை ஏற்ற எந்தத் தாய்க்கும் இந்த அனுபவம் புதிதன்று.

கீழறையில் சிவப்பு விளக்கு மட்டுமே எரிகிறது. வெள்ளை விளக்கைப் போட்டால், இருளுக்குப் பழகிய கண் மீண்டும் பழக அரைமணி நேரம் வரை பிடிக்கும். பாதுகாப்பு வாரை மார்பில் பூட்டுகிறீர்கள். படிகளில் ஏறி மேல்தளத்தில் கால் வைப்பதற்கு முன்னரே அதன் கொக்கியைப் படகோடு மாட்டியாக வேண்டும். இரவில் கடலில் விழுந்தவரைத் திரும்பிவந்து தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி இது, தலைவருக்கும் விலக்கில்லை.

மேலே வந்தவுடன் சுக்கானை வாங்கிவிடக் கூடாது. சிறிது நேரம் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, அலை எந்தப் பக்கத்திலிருந்து தூக்குகிறது, படகு எந்தத் தாளத்தில் ஏறி இறங்குகிறது என்பவை உடம்பில் ஏறவேண்டும். அதன்பின் முறை முடிப்பவர் சொல்லத் தொடங்குவார்: எந்தத் திசையில் செல்கிறோம், காற்று கூடியதா குறைந்ததா, எந்தப் பாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தக் கயிறு உராய்ந்து தேய்கிறது, வலப்புறம் அரைமணிக்கு முன் தெரிந்த விளக்கு என்ன ஆயிற்று. நீங்கள் திசையின் எண்ணை வாய்விட்டுத் திருப்பிக் கூற வேண்டும். அவர் தலையசைத்த பின்பே கை மாறும். பெரிய அலையொன்று தூக்கிக்கொண்டிருக்கும்போதோ, பாயை மாற்றும் வேலை பாதியில் இருக்கும்போதோ முறை முடிந்துவிட்டது என்று எவரும் போய்விடுவதில்லை. மணி ஆகியிருக்கலாம்; வேலை ஆகவில்லை.

சுக்கான் பிடிப்பது வலிமையைக் காட்டிலும் பொறுமையைக் கோரும் வேலை. புதியவர் திசைகாட்டியின் முள்ளையே உற்று நோக்குவார். முள் விலகியதும் சுக்கானைத் திருப்புவார், படகு தாமதமாகத் திரும்பி, மறுபக்கம் ஓடும், மீண்டும் திருப்புவார். கடலில் பாம்பு ஊர்ந்ததுபோல் தடம் கிடக்கும். அனுபவசாலிகள், திசைகாட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பாய்மரத்திற்கு நேராகத் தெரியும் ஒரு விண்மீனைப் பிடித்துக்கொள்வர். கண்ணுக்கு அது எவ்வளவோ இதம். ஆனால் வானம் ஒரு மணி நேரத்தில் பதினைந்து பாகை சுழல்வதால், கால்மணி நேரத்திற்கொருமுறை வேறு விண்மீனுக்கு மாறியாக வேண்டும். பின்னாலிருந்து பெருங்காற்று தள்ளும்போது சுக்கானியின் ஒரு கவனக்குறைவு போதும். பாயின் அடிமரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வீசியடிக்கும். வழியில் தலை இருந்தால் தலை போகும். ஆகவே அத்தகைய வேளைகளில் நான்கு மணி நேரக் காவலுக்குள்ளேயே அரைமணிக்கொருமுறையோ ஒரு மணிக்கொருமுறையோ சுக்கான் கை மாறும். ஒருவர் பிடிக்க, மற்றவர் கண்காணிப்பார்.

ஆறு பேரை மூன்று இணைகளாக்கினால், நான்கு மணி நேரம் வேலைக்கு எட்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். இருவரும் ஒரே நேரத்தில் மாறாமல், இரண்டு மணிக்கொருவராக மாறும் ஏற்பாடு இதைவிடச் சிறந்தது என்பது என் கருத்து. அப்போது மேல்தளத்தில் எப்போதும் சூழ்நிலையை அறிந்த ஒருவர் இருப்பார். ஸ்வீடன் முறை என்றொன்று உண்டு: பகலில் ஆறு மணி நேரம் வீதம் இரண்டு முறைகள், இரவில் நான்கு மணி நேரம் வீதம் மூன்று. மொத்தம் ஐந்து, இதுவும் ஒற்றைப்படை. பகலில் ஆறு மணி நேரம் தொடர்ந்து உறங்க முடியும் என்பது இதன் சிறப்பு. சமையல் செய்பவருக்கு அன்றைய இரவுக் காவலிலிருந்து விலக்களிக்கும் வழக்கம் பல படகுகளில் இருக்கிறது. குலுங்கும் அறையில், கொதிக்கும் பாத்திரத்தின் முன் ஆறு பேருக்குச் சமைப்பதும் ஒரு காவல்தான் என்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். நம் வீடுகளில் இக்கணக்கு இன்னும் எழுதப்படவில்லை!

பட்டியலில் மிக நுட்பமான இடம் தலைவருடையது. ஆட்கள் போதிய அளவில் இருந்தால் தலைவர் எந்த முறையிலும் சேராமல், எந்த நேரமும் அழைக்கத்தக்கவராக இருப்பார். ஐயம் எழுந்தால் அவரை எழுப்ப வேண்டும். எழுப்பத் தயங்கக் கூடாது. இவ்விதியை எழுதிவைப்பது எளிது. ஆனால் "இதற்காகவா எழுப்பினாய்?" என்று தலைவர் ஒரே ஒருமுறை சினந்துவிட்டால், அடுத்தமுறை உண்மையான ஆபத்து வரும்போதும் அந்த இளைஞன் இருளில் தனியே நின்று தானே முடிவெடுப்பான். விளக்கொன்றைக் கண்டு எழுப்பியவனுக்கு, அது விண்மீனாகவே இருந்தாலும், நன்றி கூறிவிட்டுப் படுக்கும் தலைவரே நல்ல தலைவர்.

சண்டைகள் எங்கே பிறக்கின்றன தெரியுமா? ஐந்து நிமிடத்தில். பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவர் பன்னிரண்டு ஐந்துக்கு வருகிறார். ஒவ்வோர் இரவும் வருகிறார். குளிரில் நனைந்து, இமைகளை விரலால் பிரித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் களவாடப்பட்ட பொருள். பத்தாவது நாளில் இருவரும் பேசுவதை நிறுத்திவிடுவர். மாறாக, பத்து நிமிடம் முன்னதாக வந்து, இறங்கிச் செல்பவருக்குச் சூடான தேநீரையும் கொண்டுவரும் ஒருவர் இருந்தால், அப்படகின் சுபாவமே மாறிவிடும். கடல் நோயால் வாந்தியெடுத்துக் கிடப்பவரின் முறையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வதும் இத்தகையதே. சுக்கான் பிடித்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பலருக்கு அந்நோய் தணிவதால், சற்றுத் தேறியவரை மெல்லச் சுக்கானில் அமர்த்துவதும் உண்டு.

இவையெல்லாம் ஏன்? கீழே படுத்திருப்பவர் உண்மையில் உறங்க வேண்டும் என்பதற்காக. வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். "இரண்டு மணி வரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படு" என்று கணவர் கூறுகிறார். அவர் விழித்திருப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் அத்தாய் உறங்குவாள். இல்லையெனில் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்துவைத்திருப்பாள். அத்தகைய இரவில் இருவர் விழித்தும் பயனடைபவர் எவருமில்லை. படகிலும் அவ்வாறே. மேலே நிற்பவர்மீது நம்பிக்கையில்லாத மாலுமி, தன் ஓய்வு நேரம் முழுவதும் சுவருக்கு அப்பால் நீரின் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடப்பார். மூன்றே நாட்களில் படகில் எவருக்கும் தெளிந்த மூளை இராது.

தனியே செல்பவர்களும், இருவர் மட்டும் செல்பவர்களும்

முறை மாற்ற ஆளே இல்லாதவர்கள் என்ன செய்தனர்? 1895 முதல் 1898 வரை தன்னந்தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோகம், சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு உறங்குவார். அவருடைய 'ஸ்ப்ரே' படகு அப்படியே திசை பிசகாமல் செல்லும் இயல்புடையது. அஸோர்ஸ் தீவில் அன்பளிப்பாகக் கிடைத்த பிளம்ஸ் பழங்களையும் வெண்ணிறப் பாலாடைக் கட்டியையும் ஒருசேர உண்டு, வயிற்றுவலியால் சுருண்டு, புயலின் நடுவே நினைவு தப்பிக் கிடந்தார். விழித்துப் பார்த்தபோது நெடிய மனிதர் ஒருவர் சுக்கான் பிடித்து நிற்கக் கண்டதாகவும், அவர் தம்மைக் கொலம்பஸின் 'பிண்டா' கப்பலின் வழிகாட்டி என்று கூறிக்கொண்டதாகவும் எழுதுகிறார். காய்ச்சலின் மாயத் தோற்றம்தான், ஐயமில்லை. ஆயினும் மெய்மறந்த நிலையிலும் அம்மனிதரின் மனம் படைத்துக்கொண்டது என்ன என்பதைக் கவனியுங்கள்: சுக்கானில் நிற்க இன்னோர் ஆள்!

1960ஆம் ஆண்டில் அட்லாண்டிக்கைத் தனியே கடக்கும் முதல் பந்தயத்தில், காற்றின் திசையைக் கொண்டே சுக்கானைத் திருத்தும் கருவியைப் பொருத்திச் சென்றனர். நாற்பது நாட்களில் கடந்து வென்ற பிரான்சிஸ் சிசெஸ்டர் தம் கருவிக்கு 'மிராண்டா' என்று பெயரிட்டிருந்தார். இன்று மின்சாரத்தில் இயங்கும் தானியங்கிச் சுக்கான் பெரும்பாலான படகுகளில் உண்டு. அது சோர்வதில்லை, தாமதமாக வருவதில்லை. ஆனால் அதற்குக் கண்ணில்லை. மின்கலம் தீர்ந்தாலோ பழுதானாலோ சுக்கான் மனிதர் கைக்கே திரும்பிவிடும்.

நம் நாட்டுப் பெண்கள் இதில் நிகழ்த்தியதைக் கூறாமல் விட இயலாது. கோவாவில் கட்டப்பட்ட 'தாரிணி', இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ஐம்பத்தாறு அடி நீளப் பாய்மரப் படகு. 2017 செப்டம்பர் 10 அன்று, லெப்டினன்ட் கமாண்டர் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் அதில் புறப்பட்டு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா வழியாக உலகைச் சுற்றி, 2018 மே 21 அன்று கோவா திரும்பினர். தென்னமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைக் கடந்தது, தென் பசிபிக் பெருங்கடலில் ஐந்து வாரங்களுக்கு மேல் கரை காணாமல் சென்ற பயணத்தின் இறுதியில். திரும்பும் வழியில் சுக்கான் இயக்கத்தில் பழுது ஏற்பட்டு, திட்டத்தில் இல்லாத மொரிஷியஸில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டனர்.

அதே தாரிணி 2024 அக்டோபர் 2 அன்று மீண்டும் புறப்பட்டபோது அதில் இருந்தவர் இருவர் மட்டுமே: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. ஆறு பேருக்கு எழுதிய பட்டியலை இருவருக்குச் சுருக்கிப் பாருங்கள். ஒருவர் உறங்கினால் மற்றவர் விழிக்க வேண்டும், மூன்றாமவர் இல்லை. பாய் மாற்றவும், பழுது பார்க்கவும், சமைக்கவும், வானிலையை ஆராயவும் அதே நான்கு கைகள். புயலில் இருவரும் சேர்ந்து மேலே நின்றால், புயல் ஓய்ந்தபின் களைத்த இருவரில் ஒருவர் இன்னும் நின்றே ஆகவேண்டும். ஒரே படகில் மாதக்கணக்கில் வாழ்ந்தும், முறை மாறும் சில நிமிடங்களில்தான் இருவரும் ஒருங்கே விழித்திருப்பது இத்தகைய பயணங்களின் இயல்பு. 2025 ஜனவரியில் அவர்கள் நீமோ முனையைக் கடந்தனர். எந்தத் திசையில் நோக்கினும் மிக அருகிலுள்ள நிலம் 2,688 கிலோமீட்டர் அப்பால் இருக்கும் தென் பசிபிக் புள்ளி அது.

இவர்களைப்போல் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு இன்னொரு பங்கீடும் உண்டு. பதினைந்து பாகை கடக்குந்தோறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். இரவில் தள்ளினால், அந்த நேரத்தில் காவல் நிற்பவரின் முறையில் ஒரு மணி நேரம் குறைந்துவிடும். அவருக்கு இலாபம், உறங்குபவருக்கு நட்டம். பெருங்கப்பல்களில் அந்த ஒரு மணியை மூன்றாக வெட்டி, மூன்று முறைகளுக்கும் இருபது இருபது நிமிடமாகப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. இருவர் படகில் முப்பது முப்பதாகத்தான் பகிர வேண்டும். உலகை ஒருமுறை சுற்றிவந்தால் இவ்வாறு தள்ளியவை இருபத்து நான்கு மணி நேரமாகிவிடும். பசிபிக்கின் நடுவேயுள்ள தேதிக்கோட்டைக் கடக்கையில் ஒரே தேதியை இரண்டு நாட்கள் எழுதி அந்தக் கணக்கை நேர்செய்துகொள்வர். எட்டு மாதங்களில் 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29 அன்று கோவாவில் கரையிறங்கியபோது, தில்னாவும் ரூபாவும் கரையில் காத்திருந்தோரைவிட ஒரு விடியலைக் கூடுதலாகக் கடந்து வந்திருந்தனர்.